52 வயதில் ‘ப்ரோ’ ஆகலாமா? ஒரு டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரரின் கணக்கு



நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகளில் பாதி எஸ்ஐபி பற்றி, மீதி ஹோம் லோன் பற்றி. போன மாதம் வந்த ஒரு கேள்வி மட்டும் வேற ரகம். கேட்டவர் அமெரிக்காவில், நார்த் கரோலைனா மாநிலத்தின் சார்லட் நகரத்தில் இருக்கிறார். சொந்த ஊர் மதுரை. 2001-ல் போனவர், இப்போது அந்த நாட்டுக் குடிமகன். ஒரு வங்கியில் ஐடி வேலை. வயது 52.

“தம்பி, எட்டு வருஷமா டிஸ்க் கோல்ஃப் ஆடுறேன். அமெச்சூர்ல, 50 வயசு தாண்டினவங்க பிரிவுல நாலஞ்சு போட்டி ஜெயிச்சிருக்கேன். ப்ரோ ஆகிடலாமான்னு தோணுது. உங்க அண்ணி, ‘முதல்ல ஒரு ஆடிட்டர்கிட்ட கேளுங்க’ன்னு சொல்லிட்டா.”

பெயர் போட வேண்டாம் என்று சொல்லி, கணக்கை எழுத அனுமதி கொடுத்தார். பொழுதுபோக்கைத் தொழிலாக்க நினைக்கிற யாருக்கும் இது உதவும் என்பதால் முழுசா எழுதுகிறேன்.

முதலில், டிஸ்க் கோல்ஃப்னா என்ன?

கோல்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை எறிதலில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்பதுதான் ஸ்கோர். பெரும்பாலும் 18 கூடைகள். இதற்கான சங்கம் பிடிஜிஏ. 1976-ல் எட் ஹெட்ரிக் என்பவர் தொடங்கினார். நம்ம அண்ணன் இருக்கும் சார்லட் இந்த விளையாட்டுக்குப் பேர்போன ஊர். தெற்கே சுமார் 25 மைலில் உள்ள ராக் ஹில் நகரத்தின் வின்த்ராப் பல்கலைக்கழக மைதானத்தில்தான் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. கிரிக்கெட் பைத்தியம் சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற மாதிரி.

‘ப்ரோ’ என்பது இங்கே என்ன?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். சிஏ ஆகணும்னா பரீட்சை பாஸ் பண்ணணும். டிஸ்க் கோல்ஃப் ப்ரோ ஆக எந்தப் பரீட்சையும் கிடையாது. ப்ரோ பிரிவில் ஆடி, பரிசுப் பணத்தைக் கையில் வாங்கிட்டீங்கன்னா நீங்க ப்ரோ. அவ்வளவுதான்.

அமெச்சூர் பிரிவில் ஜெயித்தால் கோப்பையும் பொருளும்தான் கிடைக்கும், பெரும்பாலும் டிஸ்க்குகள். அண்ணன் வீட்டு கராஜில் 140 டிஸ்க் இருக்காம். “இதுல இட்லியாவது ஊத்த முடியுமா?” என்று அண்ணி கேட்டிருக்காங்க.

இரண்டு விஷயங்களை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்:

1. அமெச்சூராக இருப்பவர் ப்ரோ பிரிவில் ஆடலாம். பணம் வரும் இடத்தில் முடித்தாலும், ‘எனக்குப் பணம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அமெச்சூராகவே தொடரலாம்.

2. ப்ரோ ஆனபின் திரும்ப அமெச்சூராக மாற சங்கத்திடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் ப்ரோவாக இருக்கும்வரை அமெச்சூர் உலகச் சாம்பியன்ஷிப்பில் கால் வைக்க முடியாது. அந்த ஆசை இருந்தால் அதை முடிச்சுட்டு மாறுங்க.

இதை அண்ணனிடம் சொன்னதும், “அப்ப இது ரொம்ப சின்ன விஷயம்தானே தம்பி?” என்றார். ஆமாம், சின்ன விஷயம்தான். ஆனால் அடுத்த வீடியோ காலில்தான் முழு விஷயமும் வெளியே வந்தது.

மறைந்திருந்த இரண்டாவது கேள்வி

அவர் வேலை செய்யும் வங்கியில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். ஆறு மாதச் சம்பளம், அதாவது 75,000 டாலர் கொடுப்பார்கள். யோசிக்க 45 நாள் அவகாசம். “அதை வாங்கிட்டு முழு நேரமா ஆடலாம்னு ஒரு யோசனை. எங்க அண்ணன் 54 வயசுல மாரடைப்புல போயிட்டார் தம்பி. எனக்கு இன்னும் எத்தனை வருஷம்னு யாருக்குத் தெரியும்?”

“அண்ணிகிட்ட இதைச் சொன்னீங்களாண்ணே?”

“இல்ல.”

இந்தப் பதிவின் மையமே இதுதான் நண்பர்களே. ‘ப்ரோ ஆகலாமா’ என்கிற ஒரே வார்த்தைக்குள் இரண்டு முடிவுகள் ஒளிஞ்சிருக்கு. ஒன்று, ஆடும் பிரிவை மாற்றுவது. அது மலிவு, திரும்பியும் வரலாம். இன்னொன்று, வருமானத்தை மாற்றுவது. அது விலை அதிகம், 52 வயதில் திரும்பி வருவது கஷ்டம். முதல் முடிவு சுலபம் என்பதால் இரண்டாவதும் சுலபம் போலத் தோன்றும். அதனால் தனித்தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு 1: ஆட்டத் தரம்

பணத்துக்கு முன்னாடி இதைப் பார்க்கணும். பிடிஜிஏ ஒவ்வொருவருக்கும் ரேட்டிங் கொடுக்கிறது. 1000 என்றால் அந்த மைதானத்துக்கு நிர்ணயித்த தரத்தில் ஆடுபவர். பெரும்பாலான மைதானங்களில் 10 புள்ளி வித்தியாசம் என்பது ஒரு ரவுண்டுக்கு சுமார் ஒரு எறிதல்.

அண்ணனின் ரேட்டிங் 905. போன சீசனில் அவர் ஊர்ப்பக்கம் நடந்த ஆறு போட்டிகளின் முடிவுகளை அனுப்பச் சொன்னேன். 50 வயது தாண்டியோர் ப்ரோ பிரிவில் பணம் வாங்கியவர்களின் ரேட்டிங் பெரும்பாலும் 935-லிருந்து 960 வரை. அதாவது ரவுண்டுக்கு 3 முதல் 5 எறிதல் வித்தியாசம். இரண்டு ரவுண்டு போட்டியில் 6 முதல் 10. இது அதிர்ஷ்டத்தால் மூடக்கூடிய இடைவெளி இல்லை.

இன்னொன்றும் இருக்கு. வயதுப் பிரிவுகளில் தகுதி காலண்டர் ஆண்டைப் பார்த்து வருகிறது. அந்த ஆண்டுக்குள் 50 ஆகிறவர் ஜனவரியிலேயே 50 பிரிவில் ஆடலாம். அதாவது ஒவ்வொரு ஜனவரியிலும் புதுசா, ஃப்ரெஷ்ஷா ஆட்கள் வந்து சேருவார்கள். நமக்கோ ஒரு வயசு கூடியிருக்கும். தோளும் முழங்கையும் அதை முதலில் சொல்லும்.

கணக்கு 2: ஒரு சீசனின் வரவு செலவு

வருஷத்துக்கு 20 போட்டி என்று வைப்போம். அண்ணன் கொடுத்த எண்களை வைத்து நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட பட்ஜெட்:

நுழைவுக் கட்டணம்: 20 × 70 = 1,400 டாலர்
கார்: 3,200 மைல் × 70 சென்ட் = 2,240 டாலர்
ஹோட்டல்: 12 வெளியூர்ப் போட்டி × 2 இரவு × 110 = 2,640 டாலர்
வெளியூர்ச் சாப்பாடு: 12 × 60 = 720 டாலர்
டிஸ்க், ஷூ, உறுப்பினர் கட்டணம்: 500 டாலர்
மொத்தம்: 7,500 டாலர்

மைலுக்கு 70 சென்ட் என்பது 2025-க்கு அமெரிக்க வரித்துறை ஐஆர்எஸ் சொன்ன விகிதம். பெட்ரோல், தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இப்ப வரவு. உள்ளூர் அளவிலான ப்ரோ போட்டிகளில் பரிசுப் பணத்தின் பெரும்பகுதி ஆட்டக்காரர்களின் நுழைவுக் கட்டணத்திலிருந்தே வருகிறது. நம்ம ஊர் சீட்டு மாதிரி, உள்ளே போட்டதுதான் வெளியே வரும். 10 பேர் ஆடும் பிரிவில் மொத்தம் 750 டாலர் இருந்து, நாலு பேருக்குப் பிரிக்கிறார்கள் என்று வைப்போம்: முதலிடம் 270, இரண்டாமிடம் 200, மூன்றாமிடம் 160, நாலாமிடம் 120.

தாராளமாகவே கணக்குப் போடுவோம். 20-ல் 8 முறை பணம் வரும் இடத்தில் முடித்து, சராசரி 160 கிடைத்தால் 1,280 டாலர். சரி, இன்னும் தாராளமாக, 20 போட்டியிலும் முதலிடம்? 5,400 டாலர்.

மறுபடி படிங்க. வருஷம் முழுக்க ஒரு போட்டி கூடத் தோற்காமல் ஆடினாலும் 2,100 டாலர் நஷ்டம்.

“அப்ப பெரிய ஆட்டக்காரர்கள் எப்படிச் சம்பாதிக்கிறாங்க?” நல்ல கேள்வி. 2021-ல் பால் மெக்பெத், டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்துடன் 10 வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் கனவு காண்கிறார்கள். ஆனால் அப்போது அவருக்கு வயது 30, கையில் ஐந்து உலகப் பட்டம். இந்த விளையாட்டின் ஜாம்பவான் கென் கிளைமோ ஓப்பன் பிரிவில் 12 உலகப் பட்டம் வென்றவர். அதில் கடைசிப் பட்டம் 2006-ல், 38 வயதில். உள்ளூர் அளவில் ஸ்பான்சர்ஷிப் என்றால் பெரும்பாலும் ஒரு ஜெர்சி, டிஸ்க் விலையில் தள்ளுபடி. வீட்டுக் கடனை ஜெர்சியால் கட்ட முடியாது.

கணக்கு 3: வரி

இங்கே அண்ணன் ஒரு ஐடியா வச்சிருந்தார். “ப்ரோ ஆனா இது பிசினஸ். 6,220 டாலர் நஷ்டத்தைச் சம்பளத்துல கழிச்சுக்கலாம்ல?”

கேட்க நல்லாத்தான் இருக்கு. அவருக்கு ஃபெடரல் வரி 22% ஸ்லாப், நார்த் கரோலைனா 2025-க்கு 4.25%. இரண்டும் சேர்த்து 26.25%. 6,220 நஷ்டத்தைக் கழிக்க முடிந்தால் சுமார் 1,630 டாலர் மிச்சம்.

ஆனால் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 183 என்று ஒன்று இருக்கிறது. லாப நோக்கம் இல்லாத செயலின் நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க விடாது. ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் லாபம் காட்டினால் லாப நோக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஒன்பது அம்சங்களைப் பார்ப்பார்கள். தொழில்முறையில் கணக்கு வைக்கிறாரா, எவ்வளவு நேரம் உழைக்கிறார், இதுவரை லாபம் வந்திருக்கா, வேறு நல்ல வருமானம் இருக்கா, இதில் அவருக்குச் சொந்த சந்தோஷம் எவ்வளவு, இப்படி.

முழு நேர வேலை, நல்ல சம்பளம், வார இறுதி ஆட்டம், வருஷா வருஷம் நஷ்டம். அண்ணனுக்கு எந்தப் பக்கம் தீர்ப்பு வரும்னு நீங்களே சொல்லிடுவீங்க. சங்கத்தின் ப்ரோ அட்டை ஐஆர்எஸ்ஸிடம் லாப நோக்கத்துக்குச் சாட்சி சொல்லாது. மீறிக் கழித்து மாட்டினால் வரி, வட்டி, அதற்குமேல் 20% வரை அபராதமும் வரலாம்.

பொழுதுபோக்கு என்று ஆகிவிட்டால் நிலைமை இன்னும் கசப்பு. 2018-லிருந்து பொழுதுபோக்குச் செலவுகளைக் கழிக்க வழியில்லை. 2025-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. அதாவது 7,500 செலவு பண்ணி 1,280 ஜெயித்தாலும், அந்த 1,280-க்கு முழுசா வரி. 26.25% என்றால் 336 டாலர். கையில் நிற்பது 944.

கூடுதல் அதிர்ச்சி ஒன்று. அமெச்சூராக ஜெயித்த பொருட்களும் சந்தை மதிப்பில் வருமானம்தான். கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எச்1பி விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்காக மனுப் போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே நீங்கள் வேலை செய்யலாம். பரிசுப் பணம், ஸ்பான்சர் பணம் எதையும் தொடும் முன் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்க. 160 டாலருக்காக விசாவைப் பணயம் வைக்காதீங்க.

கணக்கு 4: வேலையை விட்டால்

இதுதான் பெரிய கணக்கு. அண்ணனின் சம்பளம் வருஷத்துக்கு 1,50,000 டாலர். அண்ணிக்குப் பகுதி நேர வேலை. மகள் காலேஜ் முதல் வருஷம்.

75,000 டாலர் பேக்கேஜில் ஃபெடரல் வரி 22%, சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் 7.65%, மாநில வரி 4.25% போனால் கையில் சுமார் 50,000. வீட்டுச் செலவு மாதம் 7,000, அண்ணி சம்பளம் 2,000 போக மீதி 5,000. மருத்துவக் காப்பீடு இத்தனை நாள் வங்கி வழியாக வந்தது. வேலையை விட்டால் கோப்ரா சட்டப்படி பொதுவாக 18 மாதம் தொடரலாம். ஆனால் முழு பிரீமியமும் நாமே கட்டணும், நிர்வாகச் செலவோடு 102% வரை. அவர் விசாரித்ததில் குடும்பத்துக்கு மாதம் சுமார் 2,000. ஆக மாதம் 7,000 பற்றாக்குறை. 50,000 டாலர் ஏழு மாசம் வரும். மெடிகேர் கிடைப்பதற்கோ 65 வயசு ஆகணும், இன்னும் 13 வருஷம்.

பலர் கவனிக்காத மூன்று விஷயங்கள்:

ஒன்று, 401கே. சாதாரணமாக 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 10% அபராதம். ஆனால் 55 வயதாகும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அந்த நிறுவனத்தின் 401கே-யிலிருந்து அபராதம் இல்லாமல் எடுக்கலாம். அண்ணனுக்கு வயது 52. இன்னும் மூணே வருஷம் பொறுத்தால் அந்தக் கதவு திறக்கும்.

இரண்டு, கூடுதல் சேமிப்பு. 50 வயது தாண்டியவர்கள் 2025-ல் 401கே-யில் 23,500 போக இன்னும் 7,500 போட முடிந்தது. சேமிக்க மிக வசதியான வருஷங்கள் இவைதான்.

மூன்று, சோஷியல் செக்யூரிட்டி. இது நம்மைப் போல் இடையில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ரொம்ப முக்கியம். ஓய்வூதியத்தை அதிகம் சம்பாதித்த 35 வருஷங்களின் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். அண்ணனுக்கு 2001-லிருந்து 2025 வரை 25 வருஷம்தான். மீதி 10 வருஷம் ஜீரோவாகச் சேரும். இந்தியாவில் வேலை பார்த்த வருஷங்களைச் சேர்த்துக்கொள்ள இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் கிடையாது. இனி அவர் வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு ஜீரோவை அழிக்கும். 62 வயது வரை பார்த்தால் பத்து ஜீரோவும் போய்விடும்.

இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் மெதுவாகச் சொன்னார், “நான் ஜெயிக்கிறதைப் பத்தி மட்டும்தான் யோசிச்சேன் தம்பி. ஜீரோவைப் பத்தி யோசிக்கல.”

அப்படின்னா கனவை விட்டுடணுமா?

இல்லை. ஆடிட்டர் என்றாலே ‘வேண்டாம்’ சொல்றவங்கன்னு ஒரு பேர் இருக்கு. நான் அண்ணனிடம் சொன்னது வேற.

வேலையை விடாதீங்க. ஆனா அடுத்த சீசன் முழுக்க 50 வயது ப்ரோ பிரிவில் ஆடுங்க, அமெச்சூராகவே. பணம் வரும் இடத்தில் முடிச்சா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு நோட்டில் இரண்டு பத்தி: இன்று எவ்வளவு செலவு, வாங்கியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும். சீசன் முடிவில் மூணு கேள்வி:

1. 20-ல் குறைந்தது 6 முறை பணம் வரும் இடத்தில் முடிச்சீங்களா?
2. ரேட்டிங் 930 பக்கம் ஏறியிருக்கா?
3. தோள், முழங்கை, முதுகு வலி இல்லாமல் இருக்கா?

மூணுக்கும் ஆமாம்னா, தாராளமா பணத்தை வாங்கி ப்ரோ ஆகுங்க. ஏற்கெனவே அமெச்சூராக இதே ஊர்களுக்குத்தான் போறீங்க. ஹோட்டலும் காரும் எப்படியும் செலவுதான். நுழைவுக் கட்டணத்திலும் உறுப்பினர் கட்டணத்திலும்தான் கொஞ்சம் கூடும். அந்த 7,500 டாலரைத் தொழில் முதலீடுன்னு சொல்லி உங்களையே ஏமாத்திக்காதீங்க. சந்தோஷச் செலவுன்னு பட்ஜெட்டில் ஒரு வரி எழுதுங்க. மகள் படிப்புக்கும் ஓய்வுக்காலத்துக்கும் ஒதுக்கியது போக அந்த வரிக்கு இடம் இருக்கு. அவர் குடும்பக் கணக்கைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

முழு நேர ஆட்டம் பற்றி 55 வயதில் மறுபடி பேசுவோம். அன்றைக்கு 401கே கதவு திறந்திருக்கும், மகள் படிப்பும் முடியும் நேரம். அதே கனவுதான், ரிஸ்க் மட்டும் பாதியாகியிருக்கும்.

கடைசியா ஒன்று சொன்னேன். “அண்ணே, இந்த ஷீட்டை நான் அனுப்புறேன். ஆனா அண்ணிகிட்ட நீங்கதான் காட்டணும். பேக்கேஜ் விஷயத்தையும் சேர்த்து.”

பத்து நாள் கழித்து மெசேஜ் வந்தது. காட்டிட்டார். அண்ணிக்கு ஆட்டத்தில் கோபமே இல்லையாம். சொல்லாம வச்சதில்தான் கோபம். இரண்டு நாள் பேசலையாம். மூணாவது நாள், “உங்க அண்ணனுக்கு மாஸ்டர் செக்கப் பண்ணச் சொல்லிக்கிட்டே இருந்தோம், அவர் கேக்கல. நீங்க முதல்ல அதைப் பண்ணுங்க, அப்புறம் எந்த ஊருக்கு வேணும்னாலும் போய்த் தட்டு எறியுங்க”ன்னு சொல்லியிருக்காங்க. என் ஷீட்டில் இல்லாத வரி அது. நான் சேர்த்திருக்கணும். இப்ப சேர்த்துட்டேன்.

பேக்கேஜ் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. செக்கப்புக்குத் தேதி வாங்கியிருக்கார். புது சீசனுக்கு முதல் போட்டியில் பெயரும் கொடுத்துட்டார், ப்ரோ 50 பிரிவில்.

உங்களுக்கான பாடம்

கேக் செய்றவங்க, போட்டோ எடுக்கிறவங்க, பாட்டு கத்துக்கொடுக்கிறவங்க, யாரா இருந்தாலும் ‘தொழிலா மாத்தலாமா’ன்னு தோணும்போது நாலு கேள்வி கேளுங்க. நான் பெயரை மாத்துறேனா, வருமானத்தை மாத்துறேனா? எல்லாமே நல்லபடியா நடந்தாலும் லாபம் வருமா? திரும்பி வர வழி இருக்கா? வீட்டில் சொல்லிட்டேனா?

ஒரு குறிப்பு: நான் இந்தியாவில் தகுதி பெற்ற சிஏ. இங்கே சொன்ன வரி விகிதங்களும் வரம்புகளும் 2025-க்கானவை. அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் சொந்தக் கணக்குக்கு அங்குள்ள சிபிஏ ஒருவரிடம் கேட்டு முடிவெடுங்க.

இந்தக் கணக்கை எக்செல்லில் எப்படிப் போடுவதென்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். உங்க பொழுதுபோக்கின் வரவு செலவை அதற்குள் ஒரு பேப்பரில் எழுதி வையுங்க. சந்திப்போம்!